டிஸ்ப்ளே வரலையா? பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடும் முன்...

பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். பச்சை விளக்கு எரிகிறது. உள்ளே ஃபேன் சுற்றும் சத்தமும் கேட்கிறது. ஆனால் மானிட்டர் மட்டும் அமாவாசை இருட்டாக இருக்கிறது. திரும்ப ஆஃப் செய்து ஆன் செய்கிறீர்கள். மறுபடியும் அதே இருட்டு. "போச்சு, கம்ப்யூட்டர் செத்துப் போச்சு" என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிடுகிறார்.

ஆவடியில் எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது. 2010-இல் அப்பா வாங்கிய டெஸ்க்டாப் அது. 2019-இல், மழைக்காலத்தில் ஒரு நாள், அதில் டிஸ்ப்ளே வரவில்லை. அன்றுதான் அக்காவின் வேலை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். அதே பெட்டியில்தான் தாத்தா பாட்டியின் சதாபிஷேக வீடியோவும் இருந்தது. பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள்.

அன்று மாலை எதிர்வீட்டு அண்ணன் வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர். தங்கையின் பென்சில் பாக்ஸிலிருந்து ஒரு ரப்பரை எடுத்தார். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினார். டிஸ்ப்ளே வந்துவிட்டது! மொத்த வேலையும் பத்தே நிமிடம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. மீதியைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். முதலில், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை எப்படிப் பார்ப்பது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

இன்றே கடைசி நாளா? முதலில் இதைப் படியுங்கள்

விண்ணப்பத்துக்கோ, கட்டணம் கட்டவோ இன்றே கடைசி நாள் என்றால், கம்ப்யூட்டரை அப்படியே விடுங்கள். பதற்றத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டாம். அருகில் உள்ள இ-சேவை மையத்துக்குப் போங்கள். பல விண்ணப்பங்களை இப்போது கைப்பேசியிலேயே முடித்துவிடலாம். இ-சேவை வழியாக வாங்கிய வருமான, சாதி, இருப்பிடச் சான்றிதழ்கள் என்றால் விண்ணப்ப எண்ணைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மறுபடி பதிவிறக்கம் செய்ய உதவும். பட்டா, சிட்டா விவரங்களை வருவாய்த் துறையின் இணையதளத்தில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம், பத்து மற்றும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றை டிஜிலாக்கரில் எடுக்கலாம்.

அரசு கொடுத்த ஆவணம் எதுவும் உங்கள் பெட்டிக்குள் மட்டும் இல்லை. அதனால் பயம் வேண்டாம். விண்ணப்பத்தை முடித்துவிட்டு நிதானமாக வந்து பெட்டியைத் திறக்கலாம்.

பட்டனுக்கும் படத்துக்கும் நடுவில் நடப்பது என்ன?

பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் நேராகப் படத்தைக் காட்டிவிடாது. முதலில் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை, வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி மதர்போர்டுக்குக் கொடுக்கிறது. அதன்பின் மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற சிறு நிரல் எழுந்து, 'பிராசஸர் இருக்கிறதா, ரேம் இருக்கிறதா, படம் காட்டும் பகுதி இருக்கிறதா' என்று வருகைப் பதிவு எடுக்கிறது. எல்லோரும் 'உள்ளேன் ஐயா' சொன்னால்தான் திரையில் படம் வரும். ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எல்லாம் அதற்கு அப்புறம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரிகிறது. டிஸ்ப்ளே வரவில்லை என்றால் உங்கள் ஃபைல்கள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ஹார்டு டிஸ்க் வரைக்கும் விஷயம் போகவே இல்லை. எனவே "ஃபார்மேட் போட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வருகைப் பதிவிலேயே நின்றுபோன பெட்டிக்கு ஃபார்மேட் மருந்தல்ல.

லோகோ வந்து, அதன் பிறகு திரை கருப்பாகிறது என்றால் அது வேறு பிரச்சினை. வருகைப் பதிவு முடிந்துவிட்டது. விண்டோஸ் அல்லது டிரைவரில்தான் கோளாறு. இந்தக் கட்டுரை, ஆன் செய்தது முதல் எதுவுமே வராத பெட்டிகளுக்கானது.

தொடும் முன் ஐந்து விதிகள்

1. சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதிலிருந்தும் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் மீதி மின்சாரம் வடிந்துவிடும்.

2. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கலாம். பழைய குண்டு மானிட்டர் என்றால் அதையும் திறக்கக் கூடாது. அதன் உள்ளே ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட்.

3. உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொடுங்கள். நம் உடம்பில் சேரும் நிலை மின்சாரம் ரேமைக் கெடுத்துவிடலாம்.

4. ஈரக் கை, ஈரத் தரை கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

5. எந்த கேபிளையும் கழற்றும் முன் கைப்பேசியில் போட்டோ எடுங்கள். எது எங்கே இருந்தது என்று மாட்டும்போது அந்தப் படம்தான் சொல்லும்.

தேவையான கருவிகள்: ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் பிரஷ், பென்சில் ரப்பர், பழைய பருத்தித் துணி, உங்கள் கைப்பேசி. அவ்வளவுதான்.

படி 1: குற்றவாளி மானிட்டரா, சி.பி.யூ.வா?

நிறையப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். முதலில் மானிட்டரின் விளக்கைப் பாருங்கள். விளக்கே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை. அதே பாயின்டில் கைப்பேசி சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் பாயின்ட் சரி. மானிட்டரின் பவர் கேபிளையோ அடாப்டரையோ சந்தேகப்படுங்கள்.

விளக்கு எரிகிறது, படம் இல்லை என்றால் வீடியோ கேபிளை சி.பி.யூ. பக்கத்தில் மட்டும் கழற்றிவிட்டு மானிட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். 'நோ சிக்னல்' அல்லது 'செக் கேபிள்' என்று எழுத்து வந்தால் மானிட்டர் உயிரோடுதான் இருக்கிறது. சிக்னல்தான் வரவில்லை.

எழுத்தும் வரவில்லையா? அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஏதாவது உருவம் தெரிந்தால், படம் வருகிறது, திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்தான் போய்விட்டது. சி.பி.யூ.வில் கை வைக்கவே தேவையில்லை.

அடுத்து கேபிள். பழைய கம்ப்யூட்டர்களில் நீல முனையோடு வருவது வி.ஜி.ஏ. கேபிள். 1987-இல் அறிமுகமான இந்த இணைப்பில் மூன்று வரிசையாக 15 பின்கள். பின் ஏதாவது வளைந்திருக்கிறதா பாருங்கள். (சில கேபிள்களில் ஒரு பின் இயல்பாகவே இருக்காது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) இருபுறமும் ஸ்க்ரூவை இறுக்குங்கள். வீட்டைப் பெருக்கும்போது இடிபட்டு இது லூசாவது சகஜம்.

இன்னொரு எளிய சோதனை. கம்ப்யூட்டரை ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து, கீபோர்டில் நம் லாக் பட்டனை அழுத்துங்கள். விளக்கு அணைந்து எரிந்தால் உள்ளே கம்ப்யூட்டர் வேலை செய்கிறது. படம்தான் வெளியே வரவில்லை. விளக்கு அசையவே இல்லை என்றால் வருகைப் பதிவில் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 2: மின்சாரம் ஒழுங்காக வருகிறதா?

ஃபேன் சுற்றுவதால் மட்டும் பவர் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. எஸ்.எம்.பி.எஸ். பலவீனமாகிவிட்டால் ஃபேனைச் சுற்றும் அளவுக்கு மட்டும் சக்தி கொடுத்துவிட்டு பிராசஸரைப் பட்டினி போடும். ஆன் செய்ததும் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறதா? எங்கோ ஷார்ட், அல்லது எஸ்.எம்.பி.எஸ். கோளாறு. இங்கே நாம் நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் போவது நல்லது.

பெட்டியைத் திறந்தால் மதர்போர்டுக்கு இரண்டு பவர் இணைப்புகள் தெரியும். ஒன்று அகலமானது, 20 அல்லது 24 பின். இன்னொன்று பிராசஸர் அருகே சிறியதாக, 4 அல்லது 8 பின். இந்தச் சின்ன இணைப்பு லூசானால், ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே மட்டும் வராது. பிளக்கைப் பிடுங்கிய நிலையில் இரண்டையும் 'க்ளிக்' என்று அமரும்படி அழுத்துங்கள்.

பழைய எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றின் பின்புறம் சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதில் 115, 230 என்று இரண்டு எண்கள். அது எப்போதும் 230-இல் இருக்க வேண்டும். குழந்தைகள் விளையாட்டாக அதை 115-க்குத் தள்ளிவிட்டால், ஆன் செய்ததும் 'டப்' என்று வெடித்துவிடும்.

உங்கள் தெருவில் மாலை ஆனால் லோ வோல்டேஜா? டியூப் லைட் மினுக்குகிறதா? பிரச்சினை கம்ப்யூட்டரில் இல்லாமலும் இருக்கலாம். மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-இல் புகார் பதிவு செய்யலாம்.

படி 3: பீப் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்

வருகைப் பதிவில் யாராவது ஆப்சென்ட் என்றால், திரையில் எழுதிக் காட்ட முடியாத பயாஸ் சத்தம் போட்டுச் சொல்லும். அதுதான் பீப். நம் எழுத்துகளில் குறில், நெடில் இருப்பது போலவே இதிலும் உண்டு. பல பழைய போர்டுகளில்:

ஒரே ஒரு குறில் பீப் வந்தால், எல்லாம் சரி. மானிட்டரையும் கேபிளையும் மறுபடி பாருங்கள்.
நெடில் பீப் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால், ரேம் சரியாக அமரவில்லை.
ஒரு நெடில், இரண்டு குறில் வந்தால், டிஸ்ப்ளே பகுதியில் கோளாறு.

நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தக் கணக்கு மாறும். அதனால் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, மதர்போர்டின் மேல் அச்சடித்துள்ள மாடல் பெயரோடு இணையத்தில் தேடுங்கள். பீப் எதுவும் கேட்கவில்லை என்றால் உடனே போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல பெட்டிகளில் அந்தக் குட்டி ஸ்பீக்கரே மாட்டியிருக்க மாட்டார்கள்.

படி 4: ரேம், ரப்பர், பொறுமை

நம் மேற்குப் புறநகரில் இந்தப் படிக்குத்தான் அதிக வேலை. சி.டி.எச். சாலையில் ஓடும் லாரிகள் கிளப்பும் புழுதி, பூந்தமல்லி பக்கம் பல ஆண்டுகளாக நடந்த மெட்ரோ வேலையின் தூசி, மழைக்காலத்தில் ஏரிக் காற்றின் ஈரம். மூன்றும் சேர்ந்து ரேமின் தொடுமுனைகளில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது; ஆனால் மின்சாரத்தை மறித்துவிடும்.

பெட்டியைப் படுக்கவைத்து, முதலில் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம். எச்சில் ஈரம் பட்டுவிடும்.

ரேம் என்பது விரல் நீளத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் பச்சைப் பட்டை. அதன் இரு பக்கமும் உள்ள வெள்ளை அல்லது கருப்புக் கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளினால் தானாகவே எழும்பும். ஓரங்களைப் பிடித்து எடுங்கள். கீழே உள்ள தங்க நிறக் கோடுகளைத் தொடாதீர்கள். துணியின் மேல் வைத்து, அந்தக் கோடுகளை ரப்பரால் மென்மையாக, ஒரே திசையில் நாலைந்து முறை தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். ரப்பர் தூள் ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. ரேம் உட்காரும் பள்ளத்தையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

மாட்டும்போது ரேமின் அடியில் உள்ள வெட்டும், பள்ளத்தில் உள்ள மேடும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் திருப்பி வையுங்கள். இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். கொக்கிகள் தாமாகவே 'க்ளிக்' என்று மூடினால்தான் முழுதாக அமர்ந்திருக்கிறது. பாதிப் பேருக்கு இங்கேதான் தவறுகிறது: பயந்து மெதுவாக வைத்துவிடுகிறார்கள்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி ஆன் செய்து பாருங்கள். பிறகு அடுத்தது. பிறகு பள்ளத்தை மாற்றி. எந்தச் சேர்க்கையில் படம் வருகிறதோ அதுவே பதில். பழுதான ரேமுக்குப் பதில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழையது வாங்கப் போகிறீர்களா? பழைய ரேமைக் கையோடு கொண்டு போங்கள். டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 இரண்டுக்கும் பின் எண்ணிக்கை 240-தான். ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராது.

படி 5: கேபிள் சரியான இடத்தில்தான் இருக்கிறதா?

பெட்டியின் பின்னால் இரண்டு இடத்தில் வீடியோ பாயின்ட் இருந்தால், தனி கிராஃபிக்ஸ் கார்டு மாட்டியிருக்கிறது என்று பொருள். அப்போது கேபிளை அந்த கார்டில்தான் செருக வேண்டும். பல கம்ப்யூட்டர்களில் கார்டு இருக்கும்போது மதர்போர்டின் சொந்தப் பாயின்டில் படம் வராது. கார்டையே சந்தேகித்தால், அதைக் கழற்றிவிட்டு மதர்போர்டு பாயின்டில் கேபிளைச் செருகிப் பாருங்கள். ரேமுக்குச் செய்த அதே ரப்பர் வைத்தியத்தை கார்டுக்கும் செய்யலாம்.

படி 6: பொட்டு அளவு பேட்டரி

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். பெயர் சி.ஆர். 2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். கொடுப்பது 3 வோல்ட். கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருக்கும்போது தேதி, நேரம், பயாஸ் அமைப்புகளைக் காப்பது இதன் வேலை. வயதான பெட்டிகளில் இது தீர்ந்துபோய், அமைப்புகள் குழம்பி, சில போர்டுகள் படமே காட்டாமல் நிற்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, புதியதை மாட்டுங்கள். எழுத்து உள்ள பக்கம் மேலே. பழைய பேட்டரியை மேசையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயையே அரித்துவிடும். அப்படி நடந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இன்னொரு குறிப்பு. பேட்டரி மாற்றிய பிறகு தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். அதைச் சரி செய்யாமல் அரசு இணையதளத்தையோ வங்கித் தளத்தையோ திறந்தால் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கை வரும். "சைட் வேலை செய்யலை" என்று நினைத்துவிடாதீர்கள். தேதியைச் சரி செய்தால் தளம் திறக்கும்.

படி 7: இருப்பதைக் குறையுங்கள்

இன்னும் படம் வரவில்லையா? ஹார்டு டிஸ்க், டி.வி.டி. டிரைவ், யு.எஸ்.பி. கருவிகள், பிரிண்டர் எல்லாவற்றின் கேபிளையும் கழற்றுங்கள். மதர்போர்டு, பிராசஸர், ஒரு ரேம், மானிட்டர் மட்டும் இருக்கட்டும். இந்த நிலையில் படம் வந்தால், கழற்றியவற்றில் ஒன்றுதான் பிரச்சினை. ஒவ்வொன்றாக மாட்டிக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்க மறக்க வேண்டாம்.

கடைசியாக டார்ச் அடித்து, மதர்போர்டில் நிற்கும் சின்னச் சின்ன உருளைகளைப் பாருங்கள். அவைதான் கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி போல உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதேனும் கசிந்திருந்தாலோ போர்டுக்கு வைத்தியம் தேவை. 2000-களின் முதல் சில ஆண்டுகளில் உலகம் முழுவதும் தரமற்ற கெப்பாசிட்டர்கள் சந்தைக்கு வந்து, பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களே இப்படிப் பழுதானது உண்டு. சால்டரிங் தெரிந்தவர் இதை மாற்றித் தருவார். நாமே செய்யும் வேலை அல்ல.

மழைத் தண்ணீரில் நனைந்த பெட்டியா?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் பகுதி பட்டது நமக்குத் தெரியும். அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் தண்ணீரில் நின்றன. நனைந்த கம்ப்யூட்டரை "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஆன் செய்வதுதான் பலரும் செய்த தவறு. ஈரம் கெடுக்காததை, அந்த ஒரு ஸ்விட்ச் கெடுத்துவிடும். ஹார்டு டிஸ்க்குக்குள் தண்ணீர் போயிருந்தால் வீட்டில் காயவைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். முக்கியமான தரவு என்றால் தரவு மீட்பு செய்யும் இடத்துக்கு அப்படியே கொண்டு போங்கள். அடுத்த மழைக்கு முன் சி.பி.யூ. பெட்டியைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றுங்கள்.

கடைக்குப் போகிறீர்களா? நான்கு விஷயங்கள்

ஏழு படியும் பார்த்தாயிற்று, படம் வரவில்லை. இனி கடைதான். வெறும் கையோடு போகாமல் விவரத்தோடு போங்கள்.

ஒன்று: என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். "ரேம் மாத்திப் பார்த்தேன், மானிட்டர் நல்லா இருக்கு" என்று சொல்பவரிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இரண்டு: ஹார்டு டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். டிஸ்ப்ளே கோளாறைச் சோதிக்க அது தேவையில்லை. உங்கள் ஆதார் நகல், வங்கி விவரம், குடும்பப் படங்கள் உங்களிடமே இருக்கும்.

மூன்று: என்ன மாற்றப் போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேளுங்கள். பில் கேளுங்கள்.

நான்கு: காசு வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தில்; ஆவடி, பூந்தமல்லி வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில். இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உண்மையிலேயே ஆயுசு முடிந்துவிட்டால்

போர்டு போனாலும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி ஃபைல்களை எடுத்துவிடலாம். டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் தனிப் பவர் அடாப்டரும் சேர்ந்து வரும் மாடலாக வாங்குங்கள்; யு.எஸ்.பி. மின்சாரம் மட்டும் அதற்குப் போதாது.

பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பழைய குண்டு மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் உண்டு. சர்க்யூட் போர்டைத் திறந்தவெளியில் எரித்தால் வரும் புகை விஷம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தயாரிப்பு நிறுவனங்களுக்கே மறுசுழற்சிப் பொறுப்பு உண்டு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்கை எடுத்துவிடுங்கள். ஃபைலை டெலீட் செய்வது போதாது. டெலீட் செய்ததை மீட்டெடுக்க முடியும்.

படம் வந்துவிட்டதா? அன்றே செய்ய வேண்டியது

இப்போது எங்கள் வீட்டுக் கதையின் மீதி.

அக்கா அன்று விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். கம்ப்யூட்டரும் ஓடியது. எல்லோருக்கும் நிம்மதி. "சரியாயிடுச்சே" என்று அப்படியே விட்டுவிட்டோம். எட்டு மாதம் கழித்து ஹார்டு டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு நாளில் அது நின்றுவிட்டது. இந்த முறை ரப்பர் உதவவில்லை. சான்றிதழ்களை எல்லாம் மறுபடி எடுத்துவிட்டோம். சதாபிஷேக வீடியோவை எடுக்க முடியவில்லை. அதில்தான் பாட்டி பாடியிருந்தார். பாட்டி இப்போது இல்லை. அந்தக் குரலுக்கு நகல் வழங்க எந்த அலுவலகமும் கிடையாது.

ரப்பரால் வந்த படம் ஒரு தவணைதான். அந்தத் தவணையில் இதைச் செய்துவிடுங்கள்:

முதலில் போட்டோ, வீடியோ, குரல் பதிவுகள். பென் டிரைவ் அல்லது வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஒரு நகல். இணையச் சேமிப்பில் இன்னொரு நகல். கூகுள் கணக்கில் 15 ஜி.பி. வரை இலவசம்.
அடுத்து சான்றிதழ்கள். டிஜிலாக்கரில் கணக்குத் தொடங்குங்கள். அங்கு துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணம் சட்டப்படி அசலுக்கு இணை.
கடைசியாகப் பாதுகாப்பு. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. அந்தப் பெட்டியில் வங்கி வேலை செய்ய வேண்டாம். டைப்பிங், படிப்புக்கு மட்டும் என்றால் லினக்ஸ் போட்டு இன்னும் சில காலம் ஓட்டலாம். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் லினக்ஸ் போடுவதும் நகல் எடுத்த பிறகுதான்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள

மானிட்டர் விளக்கு இல்லை: பாயின்ட், பவர் கேபிள்.
'நோ சிக்னல்' வருகிறது: வீடியோ கேபிள், பிறகு ரேம்.
டார்ச்சில் மங்கலாகப் படம் தெரிகிறது: மானிட்டர் பேக்லைட்.
நெடில் பீப் தொடர்ந்து வருகிறது: ரேம்.
ஒரு நெடில், இரண்டு குறில்: கிராஃபிக்ஸ் கார்டு.
ஃபேன் சுற்றி நின்றுவிடுகிறது: எஸ்.எம்.பி.எஸ். அல்லது ஷார்ட். மெக்கானிக்கிடம் செல்லுங்கள்.
தேதி தவறு, இணையதளம் திறக்கவில்லை: சி.ஆர். 2032 பேட்டரி.
நனைந்த பெட்டி: ஆன் செய்யவே கூடாது.
படம் வந்துவிட்டது: அன்றே நகல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், கடைசி வரியை மட்டுமாவது செய்துவிடுங்கள்.